தெரிந்த சொல்லில்தான் தடுக்குகிறது
வாசகர் கேள்வி – பதில்

செய்தி, வானிலை அறிக்கை, அறிவியல் பாடம், அரசு அறிவிப்பு போன்ற தகவல் உரைகளைப் படிக்கும்போது, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் சொற்பொருளை எப்படிப் பிடிப்பது என்று வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உரைப்பகுதியைக் கொடுக்கும் முன்பே கடினமான சொற்களைப் பலகையில் எழுதிப் பொருளும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் "புரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள். கேள்வி கேட்டால் விடை தப்பாக வருகிறது. எங்கே கோளாறு?
— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நீங்கள் பலகையில் எழுதாமல் விடும் சொற்களில்தான் கோளாறு. தெரியாத சொல் வந்தால் மாணவர் தானாகவே நிற்பார். உங்களைக் கேட்பார், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் நோட்டையாவது எட்டிப் பார்ப்பார். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் நிற்கவே மாட்டார். வீட்டில் புழங்கும் பொருளையே போட்டுக்கொண்டு போய்விடுவார். "புரிஞ்சுது" என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவருக்கு ஏதோ ஒன்று புரிந்துதான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: "தென்மேற்கு வங்கக்கடலில் நிலவிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றுள்ளது. இதனால் கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களில் மிதமான மழையும், ஓரிரு இடங்களில் கனமழையும் பெய்யக்கூடும்."

இதில் அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் "தாழ்வுப் பகுதி" என்றதும் பள்ளமான இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பகுதியும் மண்டலமும் அவர்களுக்கு ஊர்ப் பெயரோடு வரும் சொற்கள். இங்கோ அவை இரண்டு படிநிலைகள். காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாக இருக்கும்வரை தாழ்வுப் பகுதி, அதைத் தாண்டினால் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல். "தாழ்வு" எப்படி "வலுப்பெறும்" என்ற முரண் இன்னொன்று. அழுத்தம் தாழத் தாழச் சுற்றியுள்ள காற்று வேகமாக உள்ளே பாயும், அதுதான் வலு. "மிதமான மழை" என்றால் நனைந்துகொண்டே வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்கிறார்கள். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.6 மி.மீ. முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் மிதமானது. 6 செ.மீ. பெய்து தெருவில் தண்ணீர் நின்றாலும் அறிக்கையில் அது மிதமான மழைதான். 64.5 மி.மீ.யில்தான் கனமழை தொடங்குகிறது. "ஓரிரு இடங்கள்" என்பதும் இரண்டு ஊர் அல்ல. அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

இதை 45 நிமிடப் பாடவேளை ஒன்றில் நடத்தலாம். 90 முதல் 120 சொற்கள் உள்ள பகுதி போதும். முதல் 5 நிமிடம் மௌன வாசிப்பு, கையில் பென்சிலோடு. தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு. தெரிந்த சொல்தான், ஆனால் இங்கே ஏதோ உறுத்துகிறது என்றால் வட்டம். குறைந்தது மூன்று வட்டமாவது வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடிக்கோடு மட்டும்தான் வரும். அடுத்த 10 நிமிடம் இருவர் இருவராக, வட்டமிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கேள்வி. வீட்டில் இதை எதற்குச் சொல்வோம்? அந்தப் பொருளை இங்கே போட்டால் அடுத்த வாக்கியத்தோடு ஒட்டுகிறதா? பிறகு 15 நிமிடம் வகுப்பு முழுவதுமாகப் பேசுவதற்கு. இரண்டு அல்லது மூன்று சொல்லுக்கு மேல் எடுக்க வேண்டாம். கடைசி 15 நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை அந்த வட்டச் சொல் இல்லாமல் தம் நடையில் எழுதித் தரட்டும். யாருக்குப் புரிந்தது என்பது அந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடும்.

இது பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெடுகிறது. வகுப்பு அமைதியாக இருப்பதைப் பொறுக்காமல் மூன்றாவது நிமிடமே ஆசிரியர் பொருளைச் சொல்லிவிடுவது ஒன்று. ஒரே பாடவேளையில் பத்துச் சொல்லை முடிக்கப் பார்ப்பது மற்றொன்று. முன்கூட்டியே பொருள் சொல்வதை முழுவதும் விட வேண்டாம். எந்தச் சொல் தெரியாவிட்டால் பகுதிக்குள் நுழையவே முடியாதோ, எதை உரை தானே விளக்கவில்லையோ, அப்படிப்பட்ட இரண்டு மூன்றை மட்டும் சொல்லுங்கள். நூறு சொல்லில் ஐந்தாறுக்கு மேல் அடிக்கோடு விழுந்தால் அந்தப் பகுதி அந்த வகுப்புக்குக் கனம். வேறு பகுதிக்கு மாறுவது நல்லது.

கேள்வி: "சூழலை வைத்துப் பொருளை ஊகி" என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள், எல்லாம் குருட்டாம்போக்கு. ஊகிக்கக் கற்றுக்கொடுக்க வழி உண்டா?
— ஓர் ஆசிரியர், தேனி மாவட்டம்

பதில்: "சூழலைப் பார்" என்பது மாணவருக்கு எந்த வழியும் காட்டாத கட்டளை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நம் வாக்கிய அமைப்பில் விளக்கம் முன்னும் பெயர் பின்னும் வருவதுதான் அதிகம். "இலையில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இந்நிகழ்வு நீராவிப்போக்கு எனப்படும்." மாணவரின் கண் "நீராவிப்போக்கு" என்ற சொல்லில் நின்று, அங்கிருந்து கீழே தேடுகிறது. பொருளோ ஒரு வரி மேலே கிடக்கிறது. "எனப்படும்", "என்கிறோம்", "என்று பெயர்" வந்தால் பின்னோக்கிப் போ. "அதாவது", "என்பது" வந்தால் முன்னோக்கிப் போ. இந்த இரண்டை மட்டும் ஒரு வாரம் பழக்கினாலே குருட்டாம்போக்கு பெருமளவு குறையும். "இந்நிகழ்வு", "இவ்வகை", "இது" ஆகிய சுட்டுச்சொற்களிலிருந்து அவை சுட்டும் இடத்துக்குப் பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்பு தப்பாகப் போனால் பொருளும் தப்பாகத்தான் போகும்.

"போன்ற", "முதலிய", "ஆகிய" என்பவை பட்டியலை முன்னால் வைத்து இனத்தின் பெயரைப் பின்னால் சொல்பவை. "மரக்கட்டை, ரப்பர், கண்ணாடி போன்ற அரிதிற் கடத்திகள்" என்ற தொடரில் "அரிதிற் கடத்தி" என்பதை அரிய, விலை உயர்ந்த கடத்தி என்று எழுதுபவர்கள் உண்டு. பட்டியலைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. மரக்கட்டையில் அரியது என்ன? மூன்றுக்கும் பொதுவானது மின்சாரத்தை எளிதில் விடாதது. ஆக, அரிதாகக் கடத்துவது. "ஆனால்", "மாறாக" வந்தால் அந்தப் பக்கத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊகத்தைச் சொல்பவர் உரையில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். "எதைப் பார்த்துச் சொன்னே?" என்ற கேள்வியைச் சரியான விடை சொன்னவரிடமும் கேளுங்கள். தவறாகச் சொன்னவரிடம் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே விடை தப்பு என்று பிள்ளைகள் புரிந்துகொண்டு உடனே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சில இடங்களில் உரையில் துப்பு எதுவுமே இருக்காது. அதையும் வெளிப்படையாகச் சொல்லி அகராதியைக் கையில் கொடுங்கள். துப்பில்லாத இடத்தில் ஊகிக்கச் சொல்வது வீண்.

கேள்வி: பகுபத உறுப்பிலக்கணம், தொகைநிலைத் தொடர் எல்லாம் தேர்வுக்காகத்தான் படிக்கிறார்கள். அறிவியல் கலைச்சொல்லைப் புரிந்துகொள்ள அவை உதவுமா?
— கல்வியியல் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நிச்சயம் உதவும். கலைச்சொற்களில் பெரும்பாலானவை தொகைகள்தான்; மறைந்திருக்கும் உருபை விரித்தால் பொருள் வெளியே வரும். "மின்தடை"யைப் பாருங்கள். "பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை" என்ற செய்தியில் அது மின்சாரம் அடியோடு நிற்பது. இயற்பியல் பாடத்தில் அதே சொல் மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. மின்னோட்டம் நிற்காது, மட்டுப்படும். 10 ஓம் மின்தடையுள்ள கம்பிக்கு 20 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர் ஓடத்தான் செய்யும். செய்தித்தாள் பொருளோடு பாடத்துக்குள் போன மாணவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் புரியும்? "மின்சாரத்தின் தடையா, மின்னோட்டத்துக்குத் தடையா?" என்று நான்காம் வேற்றுமை உருபைப் போட்டு ஒருமுறை விரித்துக் காட்டினால் தெளிந்துவிடும். வேற்றுமைத்தொகை பாடத்தை நடத்தவும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எதிர்மறையை மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். "மக்கும்" என்பதற்கு எதிராக "மக்காத" என்பதில் எதிர்மறையைக் காட்டுவது நடுவே வரும் ஒரு ஆகார ஒலி மட்டுமே; வேகமாகப் படிக்கும் கண்ணில் படாது. "நிறைவுறா ஹைட்ரோகார்பன்" இன்னும் மோசம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லும் அதே மாணவர், வேதியியல் புத்தகத்தில் அதை "நிறைவுற்ற" என்றே படித்துவிட்டுப் போகிறார். எதிர்மறைச் சொல்லைக் கண்டால் மேலே சிறு கழித்தல் குறி போடும் பழக்கம் இதைத் தடுக்கும்.

ஆனால் பிரித்ததோடு நிறுத்தக் கூடாது. "மறைநீர்" என்பதை வினைத்தொகை என்று சரியாகவே பிரித்துவிட்டு, நிலத்தடி நீர் என்று எழுதுவார்கள். ஒரு பொருளை விளைவிக்கவும் உற்பத்தி செய்யவும் செலவாகி, அந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கும் நீர்தான் மறைநீர். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிரித்து எடுத்த பொருளை அடுத்த வரியில் வைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியர். வேலை, திறன், காரம் என்று எல்லாமே பேச்சில் இருக்கும் சொற்கள். வரையறையை ஒப்பிக்கிறார்கள், கணக்கில் குழப்புகிறார்கள். இது தமிழாசிரியர் பார்க்க வேண்டியதில்லையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: "காரம்" என்றால் என்ன என்பதைத் தமிழாசிரியர் லிட்மஸ் தாள் வைத்துக் காட்ட முடியாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். மிளகாய்த்தூள் கரைசல் ஒரு கிண்ணம், சோப்புக் கரைசல் ஒரு கிண்ணம். சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்ப்பதற்கு முன் எது காரம் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பலர் மிளகாய் என்றே எழுதுவார்கள். நீலமாக மாறுவது சோப்பில் தோய்த்த தாள்; வேதியியலில் அதுதான் காரம். தான் எழுதியதும் கண்ணால் பார்த்ததும் மோதினால்தான் சொல்லின் இரண்டாவது பொருள் மனதில் தங்கும். வரையறையை மட்டும் ஒப்பித்தால் தேர்வோடு மறந்துபோகும்.

வேலைக்கும் இப்படித்தான். 10 கிலோ மூட்டையைத் தலையில் வைத்து 10 நிமிடம் அசையாமல் நிற்பவர் செய்த வேலை எவ்வளவு? வியர்வை கொட்டினாலும் மூட்டையின் மீது செய்த வேலை சுழி. அதே மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 98 ஜூல். 2 விநாடியில் தூக்கினால் திறன் 49 வாட், ஒரே விநாடியில் தூக்கினால் 98 வாட், வேலை மாறவில்லை. "கெட்டிக்காரத்தனம்" என்ற பொருளில் திறனைப் புரிந்துவைத்திருக்கும் மாணவருக்கு "எவ்வளவு சீக்கிரம்" என்ற அளவு இங்கேதான் பிடிபடும்.

நோட்டில் நான்கு பத்தி போடச் சொல்லுங்கள்: சொல், வீட்டில் அதன் பொருள், இந்தப் பாடத்தில் அதன் பொருள், தானே எழுதிய ஒரு வாக்கியம். ஒரு பாடத்துக்கு நான்கு சொல் போதும். வீட்டுப் பொருளைத் தப்பு என்று அடிக்காதீர்கள். அது தப்பே இல்லை; இந்தப் பாடத்துக்கு வேறு பொருள், அவ்வளவுதான். சில சொற்களில் வீட்டுப் பொருளே கைகொடுக்கும். "தெவிட்டிய கரைசல்" அப்படி ஒன்று. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் 36 கிராம் அளவுக்குத்தான் உப்பு கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். பாயசம் தெவிட்டிவிட்டது, இனி ஒரு வாயும் இறங்காது என்று பாட்டி சொல்வதை நினைவூட்டினால், வரையறையை எழுதிப் போடவே வேண்டியதில்லை. இப்படிச் சொல் வைத்தவரின் நுட்பத்தை மாணவருக்குக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு.

கேள்வி: "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தி. "அப்புறம் ஏம்மா காய்கறி விலை குறையல?" என்று ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு தாய், சேலம்

பதில்: உங்கள் மகள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. தலைப்பில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: "விகிதம்". குறைந்தது விலை ஏறும் வேகம்தான். 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 6 சதவீதம் ஏறி 106 ஆனது. அடுத்த ஆண்டு 4 சதவீதம்தான் ஏறியது. இப்போது 110 ரூபாய் 24 காசு. பணவீக்கம் 6-லிருந்து 4-க்குக் குறைந்திருக்கிறது, விலையோ கூடியிருக்கிறது. இந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீத இடைவெளியோடு. விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதையே இயல்பாகக் கொள்கிறார்கள் என்று இதிலிருந்து தெரியும். "வளர்ச்சி குறைந்தது" என்ற தலைப்பையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும்: வளர்ந்திருக்கிறது, முன்பைவிட மெதுவாக.

கேள்வி: உதவித்தொகை விண்ணப்பத்தில் பிள்ளைகள் தகுதி வரியைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்தச் சொற்களை முதலில் சொல்லித்தரலாம்?
— தலைமை ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மிகாமல், குறையாமல், நிறைவடைந்த, உட்பட, தவிர, உட்பட்டு. இந்த ஆறும் போதும். "18 வயது நிறைவடைந்த" என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். "பதினெட்டு நடக்குது" என்று வீட்டில் சொன்னால் 17 முடிந்து 18-ஆவது ஆண்டு ஓடுகிறது என்று பொருள். நிறைவடைந்தது என்றால் 18-ஆவது பிறந்தநாள் வந்துவிட்டது. பலகையில் ஒரு எண்கோடு போட்டு, "மிகாமல்" என்றால் அந்த எண்ணும் சேரும் என்பதைப் புள்ளி வைத்துக் காட்டுங்கள். பயிற்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நல்ல உரை. பொதுவாக 30 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்துக்குள். "வேண்டும்" எங்கே வருகிறது, "லாம்" எங்கே வருகிறது என்று பிரித்து எழுதச் சொன்னால், எது அலுவலரின் கடமை, எது மனுதாரரின் விருப்பம் என்பது பட்டியலாகவே வந்துவிடும்.

கேள்வி: எந்த அகராதியை வகுப்பில் வைப்பது?
— ஒரு நூலகர், ஈரோடு

பதில்: இன்றைய செய்திக்கும் கட்டுரைக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதலில் வந்தது. சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்பதை வாக்கியத்தோடு காட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பெரிய களஞ்சியம், ஆனால் பழைய இலக்கிய வழக்கும் அதில் கலந்தே வரும். மாணவர் முதல் பொருளை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். எந்த அகராதியானாலும், எத்தனையாவது பொருளை எடுத்தாய், ஏன் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வில் இதை எப்படிக் கேட்பது? "பொருள் தருக" என்றால் மனப்பாடம்தானே வருகிறது?
— ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: சொல்லைத் தனியாக எடுத்துக் கொடுக்காதீர்கள், வரியோடு கொடுங்கள். நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதானால், தவறான விடைகளில் ஒன்று, அந்தச் சொல்லுக்கு மாணவர் உண்மையிலேயே எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். "புயல் வலுவிழந்தது" என்ற வரிக்கு "மழை நின்றது" என்பது நல்ல தவறான விடை. "பசித்தது" என்பது யாரும் தொடாத விடை, வைத்துப் பயனில்லை.

சொல்லின் சாயலையும் கேட்கலாம். ஏரிக்கரையில் வீடு கட்டியிருப்பவர்களை ஒரு செய்தி "ஆக்கிரமிப்பாளர்கள்" என்கிறது, இன்னொன்று "குடியிருப்போர்" என்கிறது. ஆட்கள் ஒன்றுதான். படிப்பவர் யார் பக்கம் சாய்வார் என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. "கூறினார்", "ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்" என்று ஒரே வாக்கியத்தில் மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் பேசியவரைப் பற்றிச் செய்தியாளர் என்ன சொல்லாமல் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மதிப்பெண்ணை 3 என்று வைத்தால், பொருளுக்கு 1, அதைக் காட்டிக்கொடுத்த சொல்லை உரையிலிருந்து எடுத்து எழுதியதற்கு 1, அந்த வரியைச் சொந்த நடையில் மாற்றி எழுதியதற்கு 1. பொருள் தப்பாகி, எடுத்துக் காட்டிய துப்பு சரியாக இருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை மறக்காமல் கொடுங்கள்.